கூத்துத் தட்டு

எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்ததே இல்லை. பிரித்துக்கொள்ள ஏதாவது இருந்தால்தானே வரும். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை எந்தத் தட்டில் வைப்பது என்று ஒரு தகராறு வந்தது. அதில் நான் ஜெயித்தேன். பன்னிரண்டு வயதில் ஜெயித்ததை இன்றுவரைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறாள் என்று அண்ணன் அலுத்துக்கொள்வான். அலுத்துக்கொள்ளட்டும். தோற்றவன் வேறு என்ன செய்வான்.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் அது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவுக்குப் பால் வெட்டும் வேலை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சில வருஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, பஜாரில் பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு கம்யூனிகேஷன் கடை போட்டிருந்தார். முன்னால் டெலிபோன் கூண்டும் போட்டோகொப்பி மெஷினும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு கம்ப்யூட்டர்கள்.

மாமாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் அவர்தான் ரதி. அந்தக் கூத்தில் பெண்கள் வேஷம் கட்டுவதில்லை, ரதியும் ஆண்தான். கொழும்பில் இருந்த காலத்திலும் மாசி மாதம் லீவு போட்டுவிட்டு வந்து காப்புக் கட்டிக்கொள்வார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமன் எரிந்தபிறகு மாமா பாடுகிற ஒப்பாரிக்கு, பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் வந்து நின்று அழும். அம்மா என்னை மடியில் இருத்திக்கொண்டு, உதடு அசைய அசைய, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். சாமி காரியம் என்றால் அம்மாவுக்கு அவ்வளவு பக்தி.

கடைக்கு வருவோம். சுவரில் நாலு தட்டு அடித்து, தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டியிருந்தார் மாமா: சண்டை, கார், கிரிக்கெட், கதை. முதல் மூன்றிலும் சீடிகள் நிற்க இடமில்லை. கதைத் தட்டில் முயலும் ஆமையும் ஓடுகிற சீடி ஒன்று, ஆங்கில அகராதி சீடி ஒன்று. அந்தத் தட்டு எனக்காகவே அடித்தது மாதிரி இருந்தது, ஏனென்றால் அம்மாவின் சட்டம் அப்படி.

“ஆம்பளப் பயலுக வெட்டிக்கிட்டுக் கெடக்கட்டும். பொம்பளப் புள்ளைக்கு என்னா சண்ட? கதைன்னா பாக்கட்டும். இங்கிலீசும் வரும்” என்று அம்மா மாமாவிடம் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பின்பக்கத்து மெஷின் எனக்கு. மாமா முருகன் மேல் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

முயலும் ஆமையும் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோயின. எத்தனை தரம் ஓடவிட்டாலும் ஆமைதான் ஜெயித்தது. என் முகத்தைப் பார்த்து மாமாவுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த சீடிக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அதில் ஒரு கிராமம். கோயில் மணியை யாரோ களவெடுத்துவிடுகிறார்கள். அதைத் தேடிக்கொண்டு ஓர் இளைஞன் புறப்படுகிறான். அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று மெஷின் கேட்டது. என் பெயரையே அடித்தேன். கையில் ஒரு தடியோடு, ஒரு எலி கடித்தாலே சாகிற நிலைமையில் இருந்தான் அவன். போகிற ஊரெல்லாம் நின்று பேசி, கேட்டவர்களுக்கு ஒத்தாசை செய்து, வழியில் மறிக்கிற நரி, பூதம், கொள்ளைக்காரன் எல்லாரையும் அடித்து அடித்துப் படிப்படியாகப் பெரியவன் ஆனான். நாலு மாதத்தில் இருபத்தேழாவது படியில் நின்றான். அவனை நான் வளர்த்தேன். அதே நாலு மாதத்தில் பள்ளிக்கூடப் பரீட்சையில் நான் ஒரு படிகூட ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தச் சீடி எந்தத் தட்டுக்கு உரியது என்பதில்தான் வந்தது வினை. அதன்மேல் மார்க்கர் பேனாவில் ஆர்.பி.ஜி. என்று மூன்று ஆங்கில எழுத்து. ரோல் பிளேயிங் விளையாட்டு என்பதன் சுருக்கம். அதையே எழுதி ஐந்தாவது தட்டு ஒன்று அடித்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் தோளில் வைத்துச் சுடுகிற ஒரு சாமானுக்கும் அதே மூன்றெழுத்துத்தான். சமாதானக் காலம் என்றாலும், தமிழன் கடையில் அதை எழுதி ஒட்டிவைத்தால் செக்கிங்குக்கு வருகிறவர்களுக்கு யார் உட்கார்ந்து விளக்கம் சொல்வது? மாமா எச்சில் தொட்டு அந்த எழுத்தை அழித்துவிட்டுச் சீடியைக் கதைத் தட்டில் வைத்தார்.

அண்ணன் அதைச் சண்டைத் தட்டுக்கு மாற்றச் சொன்னான். “வாள் இருக்கு, வெட்டு இருக்கு, சாவு இருக்கு. பெறகு என்னா கதை?” என்றான். அவனுக்குச் சாஸ்திரத்தில் அக்கறை ஒன்றும் இல்லை. அது சண்டை என்று ஆகிவிட்டால் சனிக்கிழமை ரெண்டு மணி மெஷின் அவனுக்கு வரும்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வளர்கிறானா இல்லையா என்பதுதான் கணக்கு, சண்டைத் தட்டில் இருக்கிறவன் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே பலத்தில் அடிக்கிறான் என்றார். பேக்கரி முதலாளியின் மகன் அண்ணனுக்குக் கூட்டாளி, சிங்களப் பையன், இந்த விஷயங்களில் கரை கண்டவன். அவன் இருவரையும் ஏற்கவில்லை. உண்மையான ரோல் பிளேயிங் என்றால் ஆளின் மூக்கு முதற்கொண்டு நாமே செய்ய வேண்டும், அவன் கள்ளனாகிறானா ராஜாவாகிறானா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். இதில் நீ என்ன செய்தாலும் கடைசியில் மணி கிடைக்கத்தான் போகிறது, ஆகவே இது வெறும் கதை, நங்கிக்கு, அதாவது தங்கச்சிக்கு, ஏற்றது என்றான். என்னை மட்டம் தட்டத்தான் சொன்னான். நான் அவனை நன்றியோடு பார்த்தேன்.

இப்படி வாரக்கணக்கில் நடந்தது. காமன் எரிந்தாரா இல்லையா என்று கூத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, விட்டுக்கொடுக்காமல் பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பெயர். கடையிலும் அதே கதைதான். போன் பேச வந்தவர்கள்கூடக் கட்சி சேர்ந்தார்கள்.

தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அண்ணன் மேல்கோர்ட்டுக்குப் போனான். ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாவிடம் போட்டுக்கொடுத்தான். “மாமா ஒங்கள ஏமாத்துறாரும்மா. அது கதை இல்ல. இவ வாள வச்சு வெட்டிக்கிட்டு இருக்கா.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

“சனிக்கெழம வந்து பாக்குறேன்” என்றாள்.

அம்மாவும் அதைச் சண்டை என்று சொல்லிவிட்டால், நாலு மாதம் பாடுபட்டு வளர்த்தவனை அண்ணன் கையில் கொடுக்க வேண்டிவரும். சனிக்கிழமை மழை கொட்ட வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டினேன். மழை என்றால் பால் வெட்டு இல்லை, அம்மாவுக்கு நேரம் கிடைத்துவிடும். பிள்ளையார் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. விடியும்போதே பிடித்துக்கொண்டது மழை.

அம்மா குடையை வாசலில் சாத்திவிட்டு, முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னால் அண்ணன், பேக்கரிப் பையன், மாமா. நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். ரெண்டு மணி நேரமும் ஊருக்குள்ளேயே சுற்றுவது, ஆட்களோடு பேசுவது, ஒரு கோழியைக்கூடத் தொடாமல் இருப்பது. சந்தைக்காரியிடம் பேசினேன். பூசாரியிடம் பேசினேன். மறுபடியும் சந்தைக்காரியிடம் பேசினேன்.

“ஊருக்கு வெளிய போ பாப்போம்” என்றான் அண்ணன்.

போனேன். பத்து அடி வைப்பதற்குள் மூன்று ஓநாய்கள். தப்பி ஓடு என்பதை அழுத்தினேன்; ஓட முடியவில்லை. இனி வேறு வழியில்லை. வாளை எடுத்து ஒன்றை வெட்டினேன். அண்ணன் ‘பாத்தீங்களா’ என்று குதித்தான்.

அம்மா திரையை உற்றுப் பார்த்தாள். “ஏன் மத்தது ரெண்டும் சும்மா நிக்குது?”

அந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. “இப்ப என் மொறம்மா. நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும் அது நிக்கும். பெறகு அது அடிக்கும், நான் நிப்பேன். சண்டன்னா இப்பிடியா மொற வச்சுக் காத்துக்கிட்டு நிப்பாங்க?” என்றேன்.

ஓநாய் தன் முறைக்குக் கடித்தது. நான் என் முறைக்கு வெட்டினேன். மூன்றும் விழுந்தன. திரையில் என் பெயர் வந்து, இருபத்தெட்டாவது படி என்று காட்டியது.

“இது ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டாள் அம்மா.

“ஆம்பளம்மா. ஆனா நாந்தான்.”

அம்மா மாமா பக்கம் திரும்பினாள். “தம்பி, காமனும் இப்பிடித்தானே அம்ப விட்டுட்டு நிப்பாரு? சிவன் கண்ணத் தொறக்குற வரைக்கும் அசைய மாட்டாரே?”

மாமா ஏனோ பலகைத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமாக்கா” என்றார்.

“அப்ப இது சண்டையும் இல்ல, கதையும் இல்ல. கூத்து.”

பேக்கரிப் பையன் விடவில்லை. முடிவு முதலே தெரிந்திருந்தால் அதில் நாம் ஏற்கிற பாத்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அம்மா அவனுக்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: காமன் எரிவார் என்று எங்கள் தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும் மகனே, அதற்காக ஆடாமல் விட்டுவிடுகிறோமா? அவன் வாய் மூடி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

“கூத்துன்னு ஒரு வகையே இல்லம்மா. சரி, கூத்துன்னே வைங்க, நானும் ஆடுறேன், அவ எந்திரிக்கட்டும்” என்றான் அண்ணன்.

அம்மா எழுந்தாள். “காப்புக் கட்டியாச்சுன்னா நடுவுல வேஷத்த மாத்தக் கூடாது. சாமி குத்தம். புள்ளைதான் வேஷம் கட்டியிருக்கு. முடியிற வரைக்கும் அவளே ஆடணும்.”

அதற்குமேல் அப்பீல் இல்லை. மாமா அன்றைக்கே ஐந்தாவது தட்டை அடித்து, கூத்து என்று இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டினார். மூன்று வாரம் கழித்து நான் மணியைக் கண்டுபிடித்துக் கோயிலில் கட்டினேன். அந்த மாதிரிச் சீடிகள் பிறகு நிறைய வந்தன. எல்லாம் அந்தத் தட்டுக்கே போயின. பஜார்ச் சிங்களப் பையன்கள் கவுண்டரில் வந்து நின்று, “அய்யே, அலுத் கூத்து எகக் தியெனவாத?” என்று புதுக் கூத்து கேட்பார்கள். தட்டில் பெயர் வந்தது யாரால் என்று அவர்களுக்கெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். முறை வைத்து அடிக்கிறதை எடுத்துக்காட்டி அம்மாவையே மடக்கிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

போன வருஷம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தக் கதையை மறுபடியும் எடுத்தேன். மாமா சிரித்தார். “ஒன் பேச்சுல மடங்குற ஆளா எங்கக்கா? வெட்டுறது சண்டன்னு அதுக்குத் தெரியாதா?” என்றார். பிறகு சொன்னார். ரதி வேஷத்துக்குக் கூத்து வாத்தியார் பாடம் சொல்லிக்கொடுத்தபோது மாமாவுக்கு ஒரு வரியும் நிற்கவில்லையாம். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் வெளியே நின்று கேட்ட அம்மாவுக்கு எல்லாம் பாடமாம். ‘நானே ஆடுறேனே’ என்று வாத்தியாரிடம் ஒரு தரம் கேட்டாளாம். பொம்பளப் புள்ளைக்கு என்னா கூத்து என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதன்பிறகு அந்த ஒப்பாரி முழுவதையும் வரி வரியாக மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அம்மாதான். கூட்டத்தில் எந்த இடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் மாமா கூத்து நடக்கிற பொட்டலில் இறங்குவாராம். வரி மறந்தால் அந்தப் பக்கம் பார்ப்பாராம்.

ஒவ்வொரு மாசியும் நான் அந்த மடியில்தான் இருந்தேன். அண்ணாந்து பார்த்தால் அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்து, நானும் கை கூப்பிக்கொள்வேன்.