தண்டனை யாருக்கு என்று என் மனைவி கேட்டாள்

எங்கள் கோயிலில் சொற்பொழிவாற்ற வந்த பேச்சாளரைத் தஞ்சோங் கிளிங்கில் அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. கோயில் கமிட்டித் தலைவர் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். ஆயர் குரோ தொழிற்சாலையில் அன்று எனக்குக் காலை ஷிப்ட். முடிந்ததும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு நாள் சொற்பொழிவு. தலைப்பு, பிள்ளை வளர்ப்பும் பிறவிப் பயனும்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. பேச்சு வரவில்லை. சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொள்வாள். தண்ணீர் என்றால் உயிர். குழாயோ வாளியோ மழையோ, போய்ப் பக்கத்தில் நின்றுவிடுவாள். முன்சீட்டில் ஏறிய பேச்சாளர் திரும்பி, "பாப்பா பேரென்ன?" என்றார். அவள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச மாட்டா ஐயா," என்றாள் என் மனைவி.

"ஓ," என்று அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

புக்கிட் பெருவாங் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. பெருமழை அப்போதுதான் விட்டு, தூறிக்கொண்டிருந்தது. எல்லாருக்குள்ளும் சாமி இருக்கிறது என்று தொடங்கி, அவர் நன்றாகவே பேசினார். பிள்ளைகள் எதிரில் பொய் சொல்லாதீர்கள், அவர்களைக் கோயிலுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றபோது நானும் தலையாட்டினேன். பிறகு குரலை உயர்த்தினார். நல்ல பிள்ளை வாய்ப்பது பெற்றவர்கள் செய்த புண்ணியம். குறையோடு ஒரு பிள்ளை பிறந்தால் அது முன்வினைக்கான தண்டனை. அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும்.

முன்வரிசையில் சில தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. எனக்குக் காது சுட்டது. தரையைப் பார்த்தேன். என் மனைவி இமைக்காமல் மேடையையே பார்த்தாள். எங்களுக்கு நடுவிலிருந்த மகளை அந்தக் கொஞ்ச நேரம் இருவருமே பார்க்கவில்லை. பார்த்தபோது நாற்காலி காலி.

"ஏங்க, புள்ள எங்க?"

கழிப்பறையில் இல்லை. செருப்பு வைக்கும் இடத்தில் அவள் செருப்பு அப்படியே கிடந்தது. கார் நிறுத்துமிடத்தில் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் லோங்கான் என்கிற பெரிய சிமெண்டு வடிகால் ஒன்று ஓடுகிறது. சாதாரண நாளில் கணுக்காலளவு சாக்கடைத் தண்ணீர்தான். அன்று செம்மண் நிறத்தில் விளிம்புவரை சுழித்துக்கொண்டு போனது. அதன் சிமெண்டுக் கரையில், வெறுங்காலோடு, நுனியில் நின்றுகொண்டிருந்தாள் என் மகள்.

நான் ஓடப்போனேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

"ஓடாதீங்க. பயந்துட்டான்னா உள்ள விழுந்துடுவா."

அதற்குள் விஷயம் தெரிந்து சனம் வெளியே வந்துவிட்டது. "ஐயோ, பிடிங்கலா!" என்று யாரோ கத்த, மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓரடி முன்னே அசைந்தாள். என் மனைவி திரும்பி, ஒரு கையைத் தூக்கினாள். அவ்வளவு கோபமான முகத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. கூட்டம் அடங்கியது. பேச்சாளரும் கழுத்தில் மாலையோடு தூறலில் நின்றிருந்தார்.

என் மனைவி ஈரப் புல்லில் புடவையோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். மகளைக் கூப்பிடவில்லை, அவளைப் பார்க்கவுமில்லை. மகள் பார்க்கும் தண்ணீரையே தானும் பார்த்தாள். பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். மகள் காதிலிருந்து கையை எடுத்தாள். தண்ணீரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு மெதுவாக மடியில் வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் என் மனைவி இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டாள்.

பேச்சு சீக்கிரமே முடிந்தது. வேறு வழியில்லாமல் நால்வரும் ஒரே காரில் திரும்பினோம். கடற்கரைச் சாலைக்கு வந்திருந்தோம். வைப்பர் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "தண்டனைன்னு சொன்னீங்களே. யாருக்கு? எனக்கா, இவளுக்கா?"

நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தேன். விருந்தாளியாயிற்றே, விடேன் என்று மனம் கெஞ்சியது.

"நான் படிச்சதத்தான்மா சொன்னேன்," என்றார் அவர்.

"வினை இல்லேன்னு நான் சொல்லல ஐயா. வினைன்னா செய்யிறதுதானே? போன ஜென்மத்துல என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. காலையில எந்திரிச்சி இவளுக்குப் பல்லு வெளக்கி விடுறேன், சோறு ஊட்டுறேன். எனக்குத் தெரிஞ்ச வினை இதுதான். என்னக் கரையேத்துறதுக்கு இவ பொறக்கல. இவ பொறப்பு இவளுக்கு. எல்லாருக்குள்ளயும் சாமி இருக்குன்னு நீங்கதானே ஆரம்பத்துல சொன்னீங்க? இவளுக்குள்ள இருக்கிற சாமிக்கு என்ன குறை?"

அவர் விடுதி வாசலில் இறங்கி, "வர்றேன் தம்பி," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மனைவி வரவில்லை. நான்தான் அவரைக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம். மேடையில் கால்மணி நேரம் பேசியவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். முந்தின நாள் நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் யாரையோ தேடினார். பிறகு சொன்னார்: "நேத்து பிள்ளைகளைப் பத்தி தண்டனைன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அந்த வார்த்தைய யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க." கமிட்டித் தலைவர் முகம் சுளித்தார். எனக்குக் கண்கள் கலங்கின.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வாரத்திலேயே கஷ்டமான வேலை அது.

"சொன்னாரா? நல்லது," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "சும்மா நின்னுக்கிட்டு இருக்கீங்களே, அந்தக் கையப் பிடிங்க."

உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன்.