என் பேரில் இன்னொருத்தி

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது, என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உன்னை யாரு நிக்கச் சொன்னது?" யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார், நம்பவில்லை.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் உள்ள சின்னப் பேரூராட்சி எங்களுடையது. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். செவிலியர் சங்கத்துக்கு மாவட்டத் தலைவியும் நான்தான். ஒப்பந்தச் செவிலியர்களை நிரந்தரமாக்கக் கேட்டு தஞ்சாவூரில் வெயிலில் உட்கார்ந்து மைக் பிடித்தவளுக்கு, ஒரு வார்டுக்குக் கவுன்சிலராவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கட்சிக்காரர்கள் மனைவியின் படத்தைச் சின்னதாகவும் தங்கள் படத்தைப் பெரிதாகவும் போட்டு போஸ்டர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுயேச்சையாக நின்றேன்.

ஊசி போடப் போனால் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுகிறவர்கள், ஓட்டுக் கேட்டுப் போனபோது வாசலிலேயே நிறுத்தினார்கள். கண்டிப்பாகப் போடுகிறோம் நர்சம்மா என்பார்கள். சொல்லும்போதே அவர்கள் கண் என் தோளைத் தாண்டிப் போகும். கூட யார் வந்திருக்கிறார்கள், எந்தக் கட்சி பின்னால் இருக்கிறது என்று தேடும். அப்படித் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒருத்திதான் அகப்படுவாள். அவள் எங்கள் சங்கத்தின் செயலாளர். பயிற்சிக் காலத்தில் விடுதியில் ஒரே அறையில் தங்கியவள். அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு துண்டறிக்கைகூட எழுதியதில்லை.

வேட்புமனுப் பரிசீலனை அன்று அலுவலகத்தில் கூட்டம். என் பேரை இன்ஷியலோடு கூப்பிட்டார்கள். எழுந்தேன். எனக்கு முன்வரிசையில் இன்னொரு பெண்ணும் எழுந்து நின்றார். அதே பேர், அதே இன்ஷியல். அறையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பி என் தோழியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திடுக்கிடவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

வாக்கு இயந்திரத்தில் ஒரே பேர் இரண்டு தடவை வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டைப் பிரிக்க ஆள் நிறுத்துவது பழைய வேலை. அன்று மாலைக்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் என் தோழியின் தம்பி. கடைத்தெருவில் கணினி மையம் வைத்திருப்பவன்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகப்போகிறோம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்வதை நிறுத்தினேன். அவள் போன் பேசத் தள்ளிப் போனால் என் காது கூடவே போனது. எந்தத் தெருவிலாவது கட்சிக்காரர்கள் எங்களுக்கு முன்பே வந்து போயிருந்தால், இவள்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். வீட்டில் என் கணவர் அப்பவே சொன்னேனே என்றார். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என் பேரில் நின்ற பெண்ணைத் தேடித் தனியாக வாய்க்கால் தெருவுக்குப் போனேன். அந்தப் பெண் நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். தலையெல்லாம் தூசு. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லாமல் நின்றார்.

"உங்களை யாரு நிறுத்துனது?" என்று கேட்டேன்.

"யாரும் நிறுத்தல. நானாத்தான் நின்னேன்."

"என் பேர்லயே நிக்கணும்னு யாராவது சொன்னாங்களா?"

"உங்க பேரே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். ஊரே உங்களை நர்சம்மான்னுதானே கூப்பிடுது."

பிறகு அவராகவே சொன்னார். புருஷன் செத்தது ஐப்பசி மழையில். சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாலம் கிடையாது. நெஞ்சளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவர் கால் வழுக்கிப் பாடை சாய்ந்துவிட்டது. கரையில் நின்று அதைப் பார்த்த இவர், அப்புறம் பாலம் கேட்டு எத்தனையோ மனுக் கொடுத்துவிட்டார். கணினி மையத்துத் தம்பிதான் எப்போதும் மனு அடித்துத் தருவான். அவன்தான் இதற்கும் கையெழுத்துப் போட்டான் என்றார்.

"நீயே நில்லுன்னு அவன் சொன்னானா?"

"நான் கேட்டேன், அவரு போட்டாரு. ஏம்மா, நான் நிக்கக் கூடாதா?"

நிற்கக்கூடாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பெண்கள் முன்னால் வர வேண்டும் என்று மேடைமேடையாகப் பேசியவள் நான். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம், நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. பாடை சாய்ந்த கதை உண்மையாக இருக்கலாம். அந்த உண்மையை யாராவது எடுத்துப் பயன்படுத்தியும் இருக்கலாம்.

பிரச்சாரம் முடிவதற்கு முதல் நாள் என் தோழியே கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு எங்க போறோம்னு ஏன் எங்கிட்ட சொல்ல மாட்டேங்கிற?"

"உன் தம்பிகிட்ட கேளு."

அவன் கையெழுத்துப் போட்டது பரிசீலனைக்கு முந்தின நாளே தனக்குத் தெரியும் என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லலியே."

"சொல்லியிருந்தா, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நம்பியிருப்பியா நீ?"

நம்பியிருக்க மாட்டேன். அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கையிலிருந்த துண்டறிக்கைகளைப் பாதி பிரித்து என்னிடம் கொடுத்துவிட்டு, தெருவின் அந்தப் பக்கம் போய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தாள். எங்கள் குழாய்ச் சின்னத்தைச் சொல்லித்தான் கேட்டாள். அதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் நடந்தேன்.

நான் சொற்ப ஓட்டில் ஜெயித்தேன். வாய்க்கால் தெரு ஓட்டெல்லாம் அந்தப் பெண்ணுக்கே போயிருந்தது. மறுநாள் காலை சால்வை போட வந்தவர்களுக்கு முன்பாகவே அவர் வந்து வாசலில் நின்றார்.

"ஜெயிச்சுட்டீங்க. எங்க பாலத்துக்கு என்ன செய்யப்போறீங்க?"

உள்ளே இருந்து என் கணவர், இவங்களை இப்ப யார் அனுப்பினது என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் அதே யோசனைதான். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாய்க்காலில் அப்போது தண்ணீர் குறைவு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் இறங்கி, கால் வழுக்கிய இடத்தைக் காட்டினார். நானும் இறங்கினேன். அடியில் சேறு பிடித்து இழுத்தது. கரையில் கூடியிருந்தவர்கள் எங்களைப் போட்டோ எடுக்கவில்லை. இது நாடகமோ என்று இவர்களும் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என நினைத்துக்கொண்டேன்.

நான் பல கூட்டங்களில் கத்திய பிறகு, இப்போது அங்கே பாலம் எழும்புகிறது. ஒப்பந்தம் கிடைத்தது எனக்கு எதிராக மனைவியை நிறுத்தித் தோற்றவருக்கு. வேலையைப் பார்க்கப் போனபோது அவருடைய காருக்குப் பக்கத்தில் என் தோழியின் தம்பி நின்றுகொண்டிருந்தான். வணக்கம் அக்கா என்றான். டெண்டர் வேலையெல்லாம் அவன்தான் பார்க்கிறானாம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். கொஞ்ச நாளா என்றான். அந்தப் பெண் அவனிடம் பேசாமல், கலவையில் சிமெண்டு போதவில்லை என்று மேஸ்திரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது அவரை மட்டும் நம்பலாம் என்று தோன்றியது.

போன வாரம் சங்கக் கூட்டத்துக்காக என் தோழியும் நானும் தஞ்சாவூர் பஸ்ஸில் போனோம். வழக்கம்போல ஜன்னல் பக்கத்தை எனக்கு விட்டாள். பாபநாசம் தாண்டும்போது அவள் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அணைத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். யார் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.