பொட்டு வைத்த சர்வர்

விஜயதசமியன்று காலை ஒன்பதரை மணிக்கு, சிதம்பரம் மேல வீதியில் இருந்த எங்கள் சின்ன ஆபீசில் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் என் கீபோர்டில் காய்ந்து கிடந்தது. அதை நகத்தால் சுரண்டியபடியே போனை எடுத்தேன். கடலூர் கல்லூரியின் பிரின்சிபால்.

"என்னா சார், சைட்டு தொறக்கவே மாட்டேங்குது? பத்தரைக்குத் தாளாளர் வர்றாரு. பேரன்ட்ஸ்லாம் வந்து ஒக்காந்துட்டாங்க. பூஜைன்னு சொல்லி அந்தப் பொண்ணு மெஷின் மேல சந்தனத்த அப்பி வச்சிருக்குது சார். தண்ணி உள்ள போயிருக்குமோ?"

ஆபீஸ் என்றால் நானும் என் நண்பனும் மட்டும்தான். பிள்ளைகளின் மார்க்கையும் வருகையையும் பெற்றோர்கள் வீட்டிலிருந்தே பார்க்க, அந்தக் கல்லூரிக்கு ஒரு சைட் செய்து கொடுத்திருந்தோம். சர்வர் கடலூரில், அவர்கள் லேபில் இருந்தது. நான் சிதம்பரத்தில் உட்கார்ந்தபடி கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதை ஆட்டிவைப்பேன். ஜூனிலிருந்து சோதனை ஓட்டம் ஒரு குறையில்லாமல் நடந்தது. விஜயதசமிக்கு, நல்ல நேரத்தில், தொடக்க விழா.

'அந்தப் பொண்ணு' என்றது லேப் அசிஸ்டென்டை. கடலூர் ஓ.டி.க்காரர், அதாவது ஓல்ட் டவுன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் லேப் அவர் பொறுப்பு, அதனால் முப்பது மெஷினுக்கும் சர்வருக்கும் பொட்டு வைப்பதும் அவர் பொறுப்பு. மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. அவர்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யோசிக்காமல் சொன்னேன்: "சர்வர்ல போய் யாராவது சந்தனம் வைப்பாங்களா சார்?" சொன்னவன் கீபோர்டிலேயே சந்தனம் இருந்தது என்பது வேறு விஷயம்.

"அதான பாத்தேன்! அந்தப் பொண்ண பர்மனென்ட் பண்ற ஃபைல் என் டேபிள்லதான் கெடக்குது. விழா மட்டும் கெட்டுச்சின்னா இன்னியோட கணக்க முடிச்சி அனுப்பிடுறேன்."

போனை வைத்துவிட்டு சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். திரை அசையவில்லை. மெஷின் உயிரோடு இருக்கிறதா என்று பிங் அடித்தேன். உடனே பதில் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. தண்ணீர் போன மெஷின் இப்படிப் பதில் சொல்லாது. அது நன்றாகத்தான் இருக்கிறது, யாரையும் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

சர்வருக்கு நம்பர் போட்ட வாசல்கள் உண்டு, போர்ட் என்போம். சைட்டைத் தேடி வருகிறவர்கள் எண்பதாம் நம்பரில் தட்டுவார்கள். எங்கள் சர்வீஸ் இருந்தது 8080இல். எண்பதில் வருகிறவர்களை அங்கே திருப்ப ஒரு கட்டளை, 8080ஐத் திறக்க ஒன்று, நான் மட்டும் நுழைய 2222ஐத் திறக்க ஒன்று. மூன்றையும் ஜூனில் நானே அடித்தேன். அடித்தவுடன் வேலை செய்தன. ஆனால் இந்தக் கட்டளைகள் மெஷின் ஓடும்வரைக்கும்தான் இருக்கும். கடைசியில் 'சேவ்' என்று தனியாக ஒன்று அடித்தால்தான் நிலைக்கும். அதை நான் அடித்தேனா?

எவ்வளவு யோசித்தும் அடித்த ஞாபகம் வரவில்லை.

கல்லூரியில் யு.பி.எஸ். உண்டு, ஜெனரேட்டர் உண்டு. ஊரே கரண்ட் இல்லாமல் வேகும்போதும் அந்த மெஷின் மட்டும் அணைந்ததே இல்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அதை வேண்டுமென்றே அணைப்பார்கள். அந்த நாளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மணி ஒன்பது ஐம்பது. பஸ் பிடித்தால் கடலூர் போய்ச் சேர பதினொன்று தாண்டிவிடும். அசிஸ்டென்டுக்குப் போன் போட்டேன். குரல் கம்மியிருந்தது, அழுதிருப்பார் போல.

"சார், நான் ஈரத்துணிகூட வைக்கல. மூடி மேல ஒரு பொட்டு, அவ்ளோதான். நேத்து சாயங்காலம் ஆஃப் பண்ணோம், காலைல எட்டு மணிக்கு ஆன் பண்ணோம்."

"சரி, சர்வர் முன்னாடி ஒக்காருங்க. நான் சொல்லச் சொல்ல அடிங்க."

சர்வரில் எதையும் மாற்ற விடும் ரூட் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். என் பழைய பைக்கின் நம்பர் அது. இதற்குள் பிரின்சிபால் அங்கே வந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டார். கறுப்புத் திரையில் அசிஸ்டென்ட் இதுவரை ஒரு கட்டளையும் அடித்ததில்லை. ஒவ்வொன்றையும் முதலில் நோட்டில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, அப்புறம்தான் அடித்தார். அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சீக்கிரம்மா."

"தப்பா அடிச்சா யார் மேல வரும் சார்?"

முதல் கட்டளைக்கு எர்ரர் வந்தது. பெரிய ஐ அடிக்க வேண்டிய இடத்தில் சின்ன ஐ. திரும்ப அடித்தார். 8080 திறந்தது. அடுத்தது எண்பதைத் திருப்பும் கட்டளை, முழு வரி நீளம். ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் வரும் ஒவ்வொரு கோடாகச் சொன்னேன். பின்னால் பிரின்சிபால், "தாளாளர் கார் வந்துட்டுது" என்றார். அசிஸ்டென்ட் பதறாமல் வாசித்து முடித்து என்டரைத் தட்டினார்.

பத்து இருபத்தாறுக்கு என் திரையில் கல்லூரியின் பெயர் மெல்ல இறங்கியது. அங்கே யாரோ கைதட்டினார்கள். 2222ஐயும் திறந்து முடித்தோம்.

"கடைசியா ஒண்ணும்மா. சர்வீஸ், ஐபி டேபிள்ஸ், சேவ்."

"இது எதுக்கு சார்?"

பாடம் எடுப்பதென்றால் எனக்கு வெல்லம். "இத அடிக்கலன்னா மெஷின ஆஃப் பண்ணதும் எல்லாம் அழிஞ்சிடும்."

நுணலும் தன் வாயால் கெடும்.

"அப்போ ஜூன்ல இத அடிக்கலையா சார்?"

என்டரைத் தட்டிவிட்டுத்தான் கேட்டார், கேள்வியில் குத்தல் இல்லை. நோட்டில் எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். எதிரில் இருந்த நண்பன் காதில் எல்லாம் விழுந்தது. என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான். ஸ்பீக்கரில் பிரின்சிபால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிச்சேன்மா. நீங்க ஆஃப் பண்ணதுல எதுனா தப்பாயிருக்கும்."

பிறகு பிரின்சிபால் குரல்: "கேட்டியாம்மா? விழா முடிஞ்சதும் ரூமுக்கு வா." லைன் கட்டானது.

"தப்பிச்சோம் மச்சான்" என்று நண்பன் ஒரு பிடி பொரியை எடுத்துக் கொடுத்தான். வாங்கி மேசையிலேயே வைத்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. பிரின்சிபாலுக்கு அடித்தேன், போன் அணைந்திருந்தது. "அக்ரிமென்ட் போச்சின்னா நான் பொறுப்பில்ல" என்று நண்பன் கத்தக் கத்த இறங்கி நடந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரை விழா முடிந்திருக்குமோ என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பிரின்சிபால் ரூமில் அசிஸ்டென்ட் நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஒரு ஃபைல் திறந்திருந்தது. நான் உட்காரவில்லை.

"சார், ஜூன்ல நான் சேவ் பண்ணல. மறந்துட்டேன். காலைல சொன்னது பொய்."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"பயந்துட்டேன் சார்."

என்னை நன்றாகவே திட்டினார், வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்ததும் ஃபைலை மூடி, "நீ லேபுக்குப் போம்மா" என்றார். அசிஸ்டென்ட் என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். பதிலாக நோட்டை விரித்துக் காட்டினார். ஒவ்வொரு கட்டளையும் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. கடைசி வரிக்குக் கீழே, "ஜூன்ல அடிக்கல" என்று எழுதியிருந்தது. காலையிலேயே எழுதியது.

"இத பிரின்சிபால்கிட்ட காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"காட்டினேன் சார். ஒங்க பேச்சத்தான் நம்புவேன்னாரு."

அடுத்த வருடம் அவருக்கு வேலை நிரந்தரமானது. எங்கள் அக்ரிமென்ட்டும் எப்படியோ தப்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும், ஆயுத பூஜைக்கு முதல் நாள், கடலூரிலிருந்து எனக்கு ஒரு போன் வரும்.

"சார், நாளைக்கு மெஷின ஆஃப் பண்றோம். சேவ் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா."

"நீங்க சொல்றது இருக்கட்டும். லைன்லயே இருங்க, நான் பாத்துக்கறேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை நான் காத்திருப்பேன்.