பெயர் கேட்காத இஸ்திரி அக்கா

எங்கள் இஸ்திரி அக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. சலவைக் கடையில் இஸ்திரி போட்டே ஆயுசில் பாதியைக் கழித்தவள். முன்னங்கை இரண்டிலும் சூட்டுத் தழும்பு. இப்போது சனிக்கிழமைதோறும், மூடிப்போன அச்சகத்தின் பின்கூடத்தில், கையில் காசில்லாத வீடுகளுக்கு மளிகை கொடுக்கிறாள். அரிசி, மாவு, நசுங்கிய டின், முந்தின நாள் ரொட்டி என்று கடைக்காரர்கள் தருவதை நாங்கள் நாலைந்து பேர் பங்கு பிரித்துப் பையில் கட்டுவோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. நான் தையல்காரி. வாரமெல்லாம் மிஷினோடு மல்லுக்கட்டிவிட்டு சனிக்கிழமையும் இது உனக்குத் தேவையா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். போகாவிட்டால் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் கொடுமை.

அவள் வைத்தது இரண்டே சட்டம். வருகிறவர்களிடம் பெயர், வீடு, போன் நம்பர் எதுவும் கேட்கக்கூடாது. கடைப் பாக்கெட்டோடு எதையும் கொடுக்கக்கூடாது, எல்லாவற்றையும் பிரித்து வெள்ளைக் கவரில் போட வேண்டும். புருஷன் செத்த புதிதில் அவளும் ஓர் இடத்தில் வரிசையில் நின்றவள்தான். அங்கே மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்களாம். பிஸ்கட் பாக்கெட்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று பட்டையாக அச்சடித்திருந்ததாம். மகன் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக, பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க, அதற்கப்புறம் அவன் அந்த பிஸ்கட்டைத் தொடவே இல்லையாம். இதை என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு நான் குப்பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பேக்கரிக்காரர் அட்டைப்பெட்டி நிறைய கிரீம் பிஸ்கட் அனுப்பியிருந்தார். கடைகளிலிருந்து சாமான் ஏற்றிவரும் எங்கள் வேன் டிரைவர்தான் பிரித்துக் கவர்களில் போட்டது. காலிப் பாக்கெட் ஒன்று கையில் பட்டது. சும்மா படித்தேன். கிரீமில் வேர்க்கடலை விழுது என்று போட்டிருந்தது.

ஓட்டலில் துணி துவைக்கிற ஒருத்தி எங்களிடம் வருவாள்; இன்றும் வந்து பை வாங்கிப் போயிருந்தாள். வாராவாரம் ஒரே பாட்டுத்தான்: "அக்கா, கடலை மட்டும் வேணாம். பாப்பாவுக்கு ஆகாது. போன தடவை மூச்சே நின்னுடுச்சு."

"யோவ், கடலை இருக்கான்னு பார்த்தியா இல்லையா?" என்று டிரைவரைப் பிடித்தேன்.

"பிஸ்கட்டை உடைச்சுப் பார்த்தேன். ஒரு பருப்புகூட இல்லை."

"பாக்கெட்டைப் படிச்சியா?"

"தூக்கிப் போடுற பாக்கெட்டை எவன் படிப்பான்?"

அக்கா பாக்கெட்டை வாங்கிப் படித்தாள். "அந்தப் பொண்ணு வீடு எங்க?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாருக்குத் தெரியும்? கேட்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? இப்ப எங்கன்னு போய்த் தேடுவே? நம்ம மகராசி பெரிய மனசு பண்ணினதுல ஒரு குழந்தை..." அதற்குமேல் எனக்கே வாய் வரவில்லை.

பிறகு அக்காவே சொன்னாள். "பையை ரெண்டாக் கட்டிக் கேட்பா. லிஃப்ட் ஓடலை, நாலு மாடி ஏறணும்னு சொல்வா."

லிஃப்ட் ஓடாத கட்டடம் எங்கள் பக்கத்தில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான். வேனில் ஏறினோம். வழியெல்லாம் சிக்னல். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே அழுதான். அவனைத் திட்டவும் மனசு வரவில்லை, தேற்றவும் வரவில்லை. குழந்தைகள் பையில் முதலில் தேடுவது பிஸ்கட்டைத்தானே.

கட்டட வாசலில் வாட்ச்மேன். அக்கா என் கையை அழுத்தினாள். உண்மையைச் சொல்லாதே என்று அர்த்தம். இந்த நேரத்திலும் அவளுக்குச் சட்டம்! பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓட்டல்ல துணி துவைக்கிற அம்மாவுக்கு ரவிக்கை தைச்சுக் கொண்டுவந்திருக்கேன்" என்று புளுகினேன். நாலாவது மாடி, கடைசிக்கு முந்தின கதவு என்றான். மூச்சிரைக்க ஏறினோம்.

கதவைத் திறந்தவள் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்து, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்தாள். "இங்க எதுக்கு வந்தீங்க? யாராச்சும் பார்த்தா..."

"அந்த பிஸ்கட்ல கடலை இருக்கும்மா" என்று அக்கா காதோடு காதாகச் சொன்னாள்.

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உள்ளே ஓடிப் பையைத் தூக்கி வந்து காட்டினாள். கட்டுகூட அவிழ்க்கவில்லை. கவரை உருவிக்கொண்டேன். உயிர் வந்தது எனக்கு. டிரைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

கிளம்புகிற நேரத்தில் அக்கா கேட்டாள். "பாப்பா தூங்குதா?"

"எதிர் வீட்ல விளையாடுது. பஸ் கண்டக்டர் அக்கா வீடு. தனியா இருக்காங்க, பாப்பா மேல உசுரு. நல்ல வசதி, நம்மள மாதிரி இல்லை."

அக்கா சட்டென்று எதிர்க் கதவைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமைகளில் எல்லோரும் போனபிறகு, எங்கள் கூடத்துக்குப் பின்வாசல் வழியாக, மாஸ்க்கைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி வருவாள். தோளில் கண்டக்டர் பை. "அக்கா, நான் வர்றது எங்க கட்டடத்துல யாருக்கும் தெரியக்கூடாது" என்று போன மாதம்கூடக் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். இன்றும் வந்தாள். பிஸ்கட் கவரை நான்தான் அவள் பையில் வைத்தேன்.

ஒரு வீட்டுக்காரியின் விஷயத்தை இன்னொரு வீட்டுக்காரி எதிரில் சொல்வதா? அக்காவா? அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யாதவள், எதிர்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "கண்டக்டரம்மா! நம்ம கூடத்துல குடுத்த பிஸ்கட்டைப் பாப்பாவுக்குக் குடுக்காதே! கடலை இருக்கு!" தொண்டை கிழியக் கத்தினாள். மாடி பூராவும் கதவுகள் திறந்தன.

எதிர் வீடும் திறந்தது. கண்டக்டரம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் குழந்தை பாயில் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிரித்துக் கிரீமை நக்குவதற்கு நாக்கை நீட்டியிருந்தது. அம்மாக்காரி எங்களை இடித்துக்கொண்டு பாய்ந்து அதைத் தட்டிவிட்டாள். வாயைத் திறந்து பார்த்தாள், உதட்டைத் துடைத்தாள், கையைக் கழுவினாள், மறுபடி வாயைப் பார்த்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

கண்டக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே."

"பண்ணேன். மீறிட்டேன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

"பாப்பாவுக்குக் கடலை ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? வெறும் கவர்ல இருந்தா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டரம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அக்கா கீழே கிடந்த வெள்ளைக் கவரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அம்மாக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு மேடையில் எங்கள் வெள்ளைக் கவர்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அவள் மெதுவாக கண்டக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தினமும் நீங்க பாப்பாவுக்கு ஊட்டிட்டு, நான் உங்களைச் சாப்பிடச் சொன்னா, 'எனக்கு ஆச்சு, ஆச்சு'ன்னு சொல்வீங்களேக்கா" என்றாள். "அப்ப நீங்க சாப்பிடவே இல்லையா?"