கேட்டால் கொடுப்பார் ரெமிஜியஸ்

இடது முன்சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கிறார் ரெமிஜியஸ். காலை ஐந்தே முக்காலுக்குக் குளித்து முடித்து, சட்டையை உள்ளே விட்டு, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தம் காருக்கு முன்னால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுகிறார். தெருவில் போகிறவர்கள் ஜெபம் என்று நினைத்துக்கொள்ளலாம். லிங்கராஜபுரத்தில் அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து டயரிலிருந்து தரை வரைக்கும் நேராக ஒரு கோடு இழுக்கிறார். நான்கு சக்கரத்துக்கும் அப்படியே. அப்புறம் ஸ்டீல் ஸ்கேலால் பம்பருக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, மீட்டரில் காட்டும் கிலோமீட்டரையும் சேர்த்து டயரியில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்.

மாலையில் வந்து பார்த்தால், கோட்டின் ஒரு பாதி டயரோடு எங்கோ உருண்டு போயிருக்கும். மறுபாதி மட்டும் தரையில் தனியாகக் கிடக்கும்.

“டீனா, இங்க வந்து பாரு. இருபத்தி மூணு கிலோமீட்டர்! வண்டி தானா நடந்து போச்சா?”

“மீட்டர்லயே தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு அந்தக் கோடு? தரையைத் துடைக்கிறது யாரு?” என்பார் டீனா. முப்பது வருஷமாக அவருக்கு மனைவியாக இருப்பதில் வந்த தெளிவு.

கோட்டைக் குறை சொல்லக் கூடாது. அது தொழில் தர்மம். ஊரின் மறுகோடியில், பொம்மசந்திராவில், ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷமாகச் சரக்கைச் சோதித்து அனுப்புகிறவர் ரெமிஜியஸ். தலைமயிரில் கால்வாசி பிசகியிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவார். அவருடைய பச்சைச் சீட்டு இல்லாமல் அங்கே ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவர் வீட்டிலிருந்து ஒரு முழுக் கார் தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

கொண்டு போகிறவர் ஓஸ்வால்ட். கூடப் பிறந்த தம்பி, மாடியில் குடித்தனம், ஐம்பத்து மூன்று வயது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கோயில் பாடகர் குழுவில் அடித்தொண்டை. ஊரில் யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு ஸ்டேஷன், யாருக்குக் கல்யாண கேக் என்றாலும் ஓஸ்வால்டுக்குத்தான் போன் வரும். அவர் மனம் விசாலமானது. அதில் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். ஏனென்றால் அது அண்ணனுடைய கார்.

“கேட்டா நான் குடுக்க மாட்டேனா? ஒரே ஒரு வார்த்தை. ‘அண்ணா, எடுக்கட்டுமா?’ அவ்வளவுதான். வண்டி வாங்கின பதினோரு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருப்பானா?” என்று ரெமிஜியஸ் கம்பெனி பஸ்ஸில் தினமும் கேட்பார். அவருடைய வழக்கு இந்த ஒரு வார்த்தைதான். பெட்ரோலைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஓஸ்வால்டின் தரப்பும் நியாயமானதுதான். “கேட்டா அண்ணா யோசிப்பாரு. யோசிச்சா அவருக்கு பிபி ஏறும். எதுக்குப்பா அந்தப் பாவம் எனக்கு?”

தற்காப்பு நடவடிக்கைகள் படிப்படியாக வளர்ந்தன. முதலில் ரெமிஜியஸ் சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்தார். டீனா கொழுந்தனுக்கு எடுத்துக் கொடுத்தார். விசாரணையில், “அவர் சாவிதான் கேட்டாரு, குடுத்தேன். வண்டியை என்கிட்ட கேக்கலையே” என்று வாக்குமூலம் அளித்தார். பிறகு ரெமிஜியஸ் ஸ்டியரிங்குக்குக் குறுக்கே மாட்டுகிற இரும்புப் பூட்டு ஒன்று வாங்கினார். கனமான பூட்டு, தரமான பூட்டு, சோதித்துப் பார்த்து வாங்கிய பூட்டு. அதன் சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று கார்ச் சாவி இருக்கிற வளையத்திலேயே கோத்து வைத்தார்.

மூன்றாவதாக, தொழிற்சாலை வழக்கப்படி, வெளியே போக அனுமதி எழுதுகிற கேட் பாஸ் புத்தகம் ஒன்றை வாசல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். ஓஸ்வால்ட் அதை மதித்தார். மதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் சீட்டில் அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘போகும் இடம்: பக்கத்தில். காரணம்: நல்ல காரியம். அனுமதித்தவர்: அண்ணா (வேலைக்குப் போயிருக்கிறார்).’

கடைசியில், போன புதன்கிழமை காலை, ரெமிஜியஸ் பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றுகிற பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, ஒரு காகிதத்தில் மடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்கு மட்டும் கோடு போடவில்லை. அத்தனை நம்பிக்கை.

பன்னிரண்டரைக்கு, கேன்டீனில் தட்டு முன்னால் இருக்கையில் போன் அடித்தது.

“அண்ணா, வண்டி சும்மா கர்ர் கர்ர்ங்குது. ஸ்டார்ட் ஆகல.”

ரெமிஜியஸ் ஸ்பீக்கரைப் போட்டார். மேஜையில் இருந்த ஆறு பேரும் வழக்கின் முழு விவரம் தெரிந்தவர்கள். சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

“எந்த வண்டி?”

“நம்ம வண்டிண்ணா.”

“யார் வண்டி?”

“உங்க வண்டிண்ணா.”

“எடுக்கலாமான்னு கேட்டியா?”

லிங்கராஜபுரத்தில் ஒரு பால்காரர் சைக்கிள் மணி அடிப்பது பொம்மசந்திராவில் கேட்டது.

“அண்ணா... எடுக்கட்டுமா?”

மேஜையில் யாரோ கரண்டியால் தட்டைத் தட்டினார்கள். ரெமிஜியஸ் கண்ணை மூடித் திறந்தார். “தாராளமா எடுத்துட்டுப் போப்பா! இதைத்தானே நான் சொல்றேன்? கேட்டா குடுக்க மாட்டேனா?”

“ஸ்டார்ட் ஆகலையேண்ணா. கிளாரன்ஸ் மாமாவுக்கு நேத்து கண் ஆபரேஷன், தெரியுமில்ல? இன்னைக்கு நாலரைக்குக் கட்டுப் பிரிக்கணும். ஆட்டோல குலுங்கக் கூடாதுன்னுட்டாங்க. போன்ல டாக்ஸி கூப்பிட்டா, பேர் தெரியாதவன் வண்டியில ஏற மாட்டேன்றாரு.”

கிளாரன்ஸ் இவர்களுடைய அம்மாவின் தம்பி. எழுபத்தொன்பது வயது, அடுத்த சந்து, தனியாள். ஆபரேஷன் ரெமிஜியஸுக்குத் தெரியாது. காரைக் கேட்டிருந்தால் அதுவும் சேர்ந்து தெரிந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த உமேஷ் குனிந்து, மிக மெதுவாக, “ஃப்யூஸ் எல்லி, சார்?” என்றார்.

எங்கே என்று கன்னடத்தில் கேட்டாலும் அது சட்டைப்பையில்தான் இருந்தது. “இரு, நான் வர்றேன்” என்று ரெமிஜியஸ் போனை வைத்தார்.

முப்பத்தொரு வருஷத்தில் ரெமிஜியஸ் அரைநாள் லீவு எடுத்ததில்லை. அவுட் பாஸ் வாங்க, தம்மைவிட இருபத்தைந்து வயது இளைய மேலாளர் முன் போய் நின்றார். “சார், கொஞ்சம் வெளிய போகட்டுமா?” என்றார். அந்தப் பையன்—மேலாளர் என்றே சொல்ல வேண்டும்—பேனாவைத் திறந்து, மூடி, காலண்டரைப் பார்த்து, “என்ன விஷயமா, ரெமிஜியஸ்?” என்றார். பதில் சொல்வதற்குள் ரெமிஜியஸின் காது சிவந்துவிட்டது. கையெழுத்து விழ நாலு நிமிஷம் ஆயிற்று. நாலு நிமிஷமும் நின்றுகொண்டே இருந்தார்.

மெட்ரோ, அப்புறம் இரண்டு பஸ். வீட்டு வாசலை அடையும்போது மணி மூன்றே முக்கால்.

கார் அங்கேயே நின்றது. டிரைவர் சீட்டில் ஓஸ்வால்ட். பின்சீட்டில், கண்மேல் பச்சைத் துணி, மடியில் ஆரஞ்சுத் தோல், கிளாரன்ஸ் மாமா. இரண்டு மணிக்கே ஏறி உட்கார்ந்தவர், இறங்க மறுத்துவிட்டாராம்.

“வந்துட்டியாடா ரெமி? உன் வண்டி ரொம்ப நல்ல வண்டிடா. ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு சத்தம் கிடையாது.”

ரெமிஜியஸ் பானெட்டைத் தூக்கினார். ஃப்யூஸை அழுத்திப் பொருத்தினார். ஓஸ்வால்ட் சாவியைத் திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பானெட்டின் பின்னால் அண்ணன் என்ன செய்தார் என்பது தம்பிக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

வண்டி ரெமிஜியஸுடையது. “எறங்கு, நான் ஓட்டுறேன்” என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. இடதுபக்கம் சுற்றிவந்தார். முன்சீட்டில் பாட்டுப் புத்தகங்களும் மாமாவின் மருந்துப் பையும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. ஜன்னலில் குனிந்தார்.

“ஓஸ்வால்ட்,” என்றார், “நானும் வரட்டுமா?”

ஓஸ்வால்ட் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவசரமில்லாமல் பாட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் வைக்க ஆரம்பித்தார். ரெமிஜியஸ் கதவுப் பிடியைத் தொடாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தம் காருக்கு வெளியே நின்றார்.