வர வேண்டாம் என்று சொன்ன அக்கா

எங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறியவர் அக்கா. பல வருடங்கள் கழித்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன்.

அக்கா மேற்படிப்பை முடித்ததும் அப்பா கேட்டார்:

“நீ எதுக்கு டொக்டர், பிள்ள? கண்ணுக்கா, நெஞ்சுக்கா?”

“மாத்தி வச்ச கிட்னியக் கிருமியிட்ட இருந்து காக்கிற டொக்டர், அப்பா.”

“அப்ப வோச்சர் எண்டு சொல்லன்!”

துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா தந்த அந்தக் காவல்காரப் பட்டத்தை அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க, எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைப்பார்கள். அதன்பின் சிறு கிருமியும் உயிரைக் குடிக்கும். அதனால் அக்கா நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் முன், அவர் எங்கெங்கே போய் வந்தார் என்று விசாரிப்பார்.

தாயின் சிறுநீரகம் பெற்ற பாமன்கடை இளைஞர் ஒருவர் காய்ச்சலும் தாங்க முடியாத வயிற்று வலியுமாக வந்தார். பரிசோதனைகளில் காரணம் பிடிபடவில்லை. அக்கா தாயிடம் கேட்டார்:

“செத்த வீட்டுக்குப் போனவரோ?”

“ஓம் டொக்டர். பெரியப்பான்ர. போகாட்டிச் சனம் என்ன கதைக்கும்?”

“அங்க ஆருக்கும் காய்ச்சல், வருத்தம் இருந்ததோ?”

தாய் தயங்கினார். “ஒரு பிள்ளைக்கு அம்மாள் வருத்தம். வெளியில சொல்லக்கூடாதெண்டு...”

“சனம் ஒரு கிழமை கதைக்கும், அம்மா. நீங்க குடுத்த கிட்னி போனா, குடுக்க இன்னொண்டு இருக்கோ?”

உடம்பில் ஒரு கொப்புளமும் தெரியாத அந்த வேளையிலேயே அக்கா அம்மை நோய்க்கான மருந்தை ஏற்றத் தொடங்கினார். இரண்டு நாளில் கொப்புளங்கள் வெளிவந்தன. இளைஞர் பிழைத்தார், சிறுநீரகமும் பிழைத்தது.

பின்னாளில் புற்றுநோயுடன் வெள்ளவத்தை வீட்டில் படுத்திருந்தபோதும், அக்கா தன் நோயாளிகளிடம் “காய்ச்சல் எத்தின?” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“என்ர செத்த வீட்டுக்கு என்ர நோயாளிகள் ஒருத்தரும் வரக்கூடாது. நீ வாசல்ல நில்லு. இனி நீதான் வோச்சர்.”

நின்றேன். திருப்பி அனுப்ப நோயாளி எவரும் வரவில்லை. அந்தப் பாமன்கடைத் தாய் மட்டும் தனியாக வந்தார்.

“மகன் அழுதழுது கேட்டவன், பிள்ள. நான்தான் வீட்டில விட்டிட்டு வந்தனான்.”

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், தோள் கொடுத்த எங்கள் ஒழுங்கை அயலவருக்கும், இன்று ஆண்டுத் திவசத்தில் எங்களோடு இருக்கும் உறவினருக்கும் எங்கள் நன்றி. அக்கா சொன்ன சொல்லுக்காக, மனம் கேளாதபோதும் வராதிருந்த அவரின் நோயாளிகளான உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த நினைவு மலரைத் தபாலில் அனுப்புகிறோம். நீங்கள் வீட்டில் நலமாக இருப்பதே நீங்கள் அவருக்குச் செய்த அஞ்சலி.