நவால் அக்காவின் பாத்திர நகரம்

அன்புள்ள அக்காமாருக்கும் அன்ரிமாருக்கும்,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் உறங்கினாள். நவால் அக்கா வெஸ்ட்மீட் மருத்துவமனையில் காலமானார் என்று அவருடைய தம்பி இன்று பின்னேரம் அறிவித்தார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாலஸ்தீன அகதி முகாமொன்றில் வளர்ந்தவர். செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் சமையல் அவர் பொறுப்பு. தன் சிறுவயதைத் தனியொருவராக மேடையில் நடித்தும் வந்தார். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட சிறுமி குசினிப் பாத்திரங்களால் ஒரு நகரம் கட்டுகிற கதை அது. பாத்திரங்களை அவர் கொண்டுவரமாட்டார். பார்க்க வருபவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

போன வருடம் ஒரு மண்டபத்தில் நம்மவர்களுக்காக நடித்தபோது, "ஆளுக்கொரு பாத்திரம்" என்று நான்தான் செய்தி அனுப்பினேன். மூடிகளைத் திறந்தால் புட்டு, கட்லெட், பாயாசம்! பதறிப்போனேன்.

"வெறும் பாத்திரத்தை ஆரும் கையில தூக்கிக்கொண்டு வருவினமே பிள்ளை?" என்று ஓர் அன்ரி என்னையே ஏசினார்.

நவால் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஆக்களும் இப்பிடித்தான். முதல்ல சாப்பிடுவம். பசியோட நகரம் கட்டேலாது." ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல, அன்று முழுக்க நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன்.

சாப்பிட்டு, கழுவித் துடைத்த பிறகுதான் நாடகம் தொடங்கியது. இடியாப்பச் சட்டி கோபுரமானது. தாம்பாளம் கடலானது. இராணுவ ஹெலிகொப்ரர் வரும்போது சிறுமி கதிரைக்குக் கீழே நடுங்குகிறாள். பிறகு மெல்லத் தலையை நீட்டி, மேலே பார்த்து அதட்டுகிறாள்: "வானத்துக் குசினியில ஆர் கிரைண்டர் போடுறது? இஞ்ச பிள்ளையள் படுத்திருக்கினம்!"

வன்னியில் வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் இன்னும் உடம்பிலிருந்து போகவில்லை. எங்கள் வீடு மருத்துவமனைக்குக் கிட்ட. நோயாளிகளை ஏற்றிவரும் ஹெலி இறங்கும்போதெல்லாம் மகளை இறுக்கி அணைத்துவிடுவேன். என் பயம் அவளுக்கும் தொற்றிவிட்டதே என்பதுதான் என் தீராத கவலை. அவளும் பார்த்த அந்த நாடகத்துக்கு மறுநாளும் ஹெலி வந்தது. அவள் என் கையை விலக்கிவிட்டு யன்னலுக்கு ஓடினாள்.

"ஏய், கிரைண்டர நிப்பாட்டு! அம்மா ஸ்லீப்பிங்!"

பின்னர் நோயில் படுத்திருந்த நவால் அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அடுத்த முறை நீ நடி. தமிழில" என்றார்.

"என்ர குரல் நடுங்குமே, அக்கா."

"அந்தப் பிள்ளைக்கும் நடுங்கினதுதானே. நடுங்கிக்கொண்டே அதட்டு."

நான் ஓம் என்றேன்.

வேலை முடிந்து புறப்படும்போது, என்னிடம் கேட்டுப் பழகிய "போட்டு வாறன்" என்பதைச் சொல்லித் தமிழிலேயே விடைபெறுவார். கடைசியாகப் பார்த்த அன்று வெளிக்கிட்டது நான். கட்டிலில் இருந்தபடி அதைச் சொன்னது அவர். போட்டு வாங்கோ, நவால் அக்கா.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் நான் நடிக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் பாத்திரங்கள் இல்லாமல் நகரம் எழும்பாது. யார் யார் வருவீர்கள், என்ன பாத்திரம் கொண்டுவருவீர்கள் என்று தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்.